தமிழில் வாட்ச் ஆப் எழுத கேலக்ஸி வாட்ச் 4: கடற்கரை வெயிலில் ஒரு மதிப்பீடு

புதுச்சேரி நேரு வீதிக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கும் மலிவு விலை வாட்ச்களில் நீங்கள் எழுதும் ஆப்பை ஏற்ற முடியாது. வாங்கிவிட்டு வந்து கேட்பவர்கள் நிறைய பேர் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவற்றில் ஓடுவது தொழிற்சாலையிலேயே எழுதி ஏற்றிய சிறு மென்பொருள். நேரம், காலடி, அழைப்பு, நோட்டிஃபிகேஷன், அதோடு சரி. வெளியிலிருந்து இன்னொரு ஆப் உள்ளே நுழைய வழி இல்லை. "ஆப் இருக்கு சார்" என்று கடைக்காரர் சொல்வது போனில் ஏற்றும் துணை ஆப்பைத்தான்; பொய் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

ஆப் எழுதிப் பழக வேண்டுமானால் கூகுள் வாட்ச்சுக்கென்று செய்த ஆண்ட்ராய்டான வேர் ஓஎஸ் ஓடும் வாட்ச் வேண்டும். அந்த வரிசையில் கைக்கு எட்டும் விலையில், பழைய சரக்காகக் கிடைப்பது சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4. 2021 ஆகஸ்டில் வந்தது; வேர் ஓஎஸ் 3-ஐ முதலில் கொண்டுவந்த வாட்ச். 1.5 ஜிபி ரேம், 16 ஜிபி சேமிப்பு. 40 மிமீ வாட்ச்சுக்கு 396க்கு 396 பிக்சல் திரை, 247 எம்ஏஹெச் பேட்டரி; 44 மிமீ வாட்ச்சுக்கு 450க்கு 450 பிக்சல், 361 எம்ஏஹெச். ஆப் எழுதுபவருக்கு 44 மிமீ வாங்கச் சொல்வோம். திரை பெரிது என்பதற்காக அல்ல; நாள் முழுக்க டீபக் (பிழை தேடிச் சோதிப்பது) செய்தால் சின்ன பேட்டரி மத்தியானத்துக்குள் படுத்துவிடும்.

பழையது வாங்கினால், காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஆனாலும் தெரிந்தவரிடம் ஆனாலும், காசு கொடுப்பதற்கு முன் மூன்று வேலை. வாட்ச்சை விற்பவர் முன்னிலையிலேயே ஃபாக்டரி ரீசெட் செய்து, உங்கள் ஆண்ட்ராய்டு போனில் இணைத்து, முகப்பு வரும்வரை முழுதாக ஏற்றிப் பாருங்கள். பழைய கணக்கின் பூட்டு கழற்றப்படாமல் இருந்தால் இந்த இடத்தில்தான் மாட்டும். அடுத்து, வைஃபையில் சேர்கிறதா என்று பாருங்கள். வைஃபை போன வாட்ச் கையில் கட்ட உதவும், ஆப் எழுத உதவாது. இதில் யுஎஸ்பி வாய் கிடையாது, ஆப்பை வைஃபை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மூன்றாவது, காந்த சார்ஜரில் வைத்தவுடன் சார்ஜ் ஏறுகிறதா, பின்பக்கச் சென்சார் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்பது. இன்னொன்று, ஐபோன் மட்டும் வைத்திருப்பவர் இந்த வாட்ச்சைத் தொடவே வேண்டாம், இணையாது.

இணைப்பு: முதல் நாள் தலைவலி

ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவிலிருந்து வாட்ச்சுக்கு ஆப்பை அனுப்ப ஒரே வழி வைஃபை. வாட்ச்சில் செட்டிங்ஸ், அபவுட் வாட்ச், சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன் போய், சாஃப்ட்வேர் வெர்ஷன் மீது விடாமல் தட்டினால் டெவலப்பர் மோடு திறக்கும். அதற்குள் ஏடிபி (லேப்டாப்பிலிருந்து கருவிக்குக் கட்டளை அனுப்பும் நிரல்) டீபக்கிங், பிறகு வயர்லெஸ் டீபக்கிங், இரண்டையும் ஆன் செய்யுங்கள். 'புதிய கருவியை இணை' என்பதைத் தொட்டால் ஓர் ஐபி முகவரி, ஒரு போர்ட் எண், ஆறு இலக்கக் குறியீடு வரும். லேப்டாப்பில் ஏடிபி 'பேர்' (pair, ஜோடி சேர்) கட்டளைக்கு அந்த முகவரியையும் போர்ட்டையும் கொடுத்து, கேட்கும்போது குறியீட்டை அடியுங்கள்.

இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். 'பேர்' ஆன போர்ட் வேறு, கனெக்ட் ஆக வேண்டிய போர்ட் வேறு. ஏடிபி கனெக்ட் கட்டளைக்குக் கொடுக்க வேண்டியது, ஒரு திரை பின்னே வந்தால் வயர்லெஸ் டீபக்கிங் பக்கத்திலேயே தெரியும் எண். அதுவும் அணைத்துப் போட்டால் மாறிவிடும். 'பேர்' ஒருமுறை போதும். கனெக்ட் ஒவ்வொரு முறையும்.

இணைந்த பிறகும் ஐந்து நிமிடத்தில் அறுந்து போகிறதா? காரணம் பெரும்பாலும் உங்கள் போன். போனோடு ப்ளூடூத்தில் இணைந்திருக்கும்போது, பேட்டரியை மிச்சப்படுத்த வாட்ச் வைஃபையைத் தானே அணைத்துவிடும். வேலை செய்யும் நேரத்தில் போனின் ப்ளூடூத்தை அணையுங்கள். போனும் வாட்ச்சும் பேசிக்கொள்வதையே சோதிக்க வேண்டுமென்றால் வாட்ச்சின் வைஃபையை எப்போதும் ஆன் என்று வையுங்கள். டெவலப்பர் ஆப்ஷனில் 'சார்ஜில் இருக்கும்போது விழித்திரு' என்பதையும் போட்டு, சார்ஜர் மேலேயே வாட்ச்சைக் கிடத்தி வைத்தால் வேலை ஓடும்.

கல்லூரி விடுதி, காபிக் கடை வைஃபையில் பெரும்பாலும் இணையவே இணையாது. அந்த ரவுட்டர்கள் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்காதபடி தடுத்து வைத்திருக்கும். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, 2.4 கிகாஹெர்ட்ஸ் தேர்ந்தெடுத்து, லேப்டாப்பையும் வாட்ச்சையும் அதில் சேருங்கள். பத்து நிமிடம் செட்டிங்ஸைக் குடைவதைவிட இது சீக்கிரம் முடியும்.

லேப்டாப் திரையிலேயே வாட்ச்சைப் போல நடிக்கும் எமுலேட்டர் போதாதா என்றால், திரைத் தளவமைப்புக்குப் போதும். சின்ன வட்டம் 192 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு), பெரிய வட்டம் 227 டிபி என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி ரேம் லேப்டாப்பில் ஸ்டுடியோவும் எமுலேட்டரும் சேர்ந்தால் மூச்சு வாங்கும். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போகும் ஊரில் எமுலேட்டர் லேப்டாப் பேட்டரியைக் குடிக்கும் வேகமும் ஒரு கணக்குதான்.

வேகத்தைப் பற்றி அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சோதனைக்கான டீபக் பில்டில் பட்டியலை உருட்டினால் இந்த வாட்ச் திக்கித் திக்கிப் போகும். அதே ஆப்பை, ஆர்8 என்ற கருவி நிரலைச் சுருக்க, வெளியீட்டுக்கான ரிலீஸ் பில்டாக ஏற்றினால் ஆளே மாறிவிடும். காம்போஸ் என்ற திரை வடிவமைப்புத் தொகுப்பில் எழுதிய ஆப்பின் வேகத்தை ரிலீஸ் பில்டில் மட்டுமே அளக்க வேண்டும்.

தமிழ் எழுத்து: இங்கேதான் மொத்த விஷயமும்

ஆங்கிலத்தில் எழுதிய மாதிரி ஆப்பை எடுத்துச் சொற்களை மட்டும் தமிழாக்கினால் வாட்ச்சில் மூன்று இடத்தில் உடையும்.

முதலாவது வட்டம். 450 பிக்சல் திரையின் நடுவில் 450 பிக்சல் அகலம் உண்டு. மேல் விளிம்பிலிருந்து 40 பிக்சல் கீழே இறங்கிய இடத்தில் கிடைக்கும் அகலம் 256 பிக்சல்தான். கீழ் விளிம்பிலும் இதே கணக்கு. தலைப்பை அங்கே வைப்பதுதான் வழக்கம். 'ஹார்ட் ரேட்' என்பதற்கு ஆங்கிலத்தில் போதுமான இடம், 'இதயத்துடிப்பு' என்பதற்குப் போதாது. கடைசி எழுத்து இரண்டு வளைவுக்கு வெளியே போய்விடும். 'துடிப்பு' போதும். 'உடற்பயிற்சியைத் தொடங்கு' என்று பொத்தானில் எழுதாதீர்கள்; 'தொடங்கு'. மொழிபெயர்ப்புக் கோப்பைப் போன் ஆப்பிலிருந்து அப்படியே எடுத்துப் போடாமல் வாட்ச்சுக்கென்று தனியாக எழுத வேண்டும்.

இரண்டாவது வரி உயரம். தமிழில் எழுத்தின் சுழிகள் மேலே கீழே நீளும். சின்ன அளவு எழுத்துக்கு ஆங்கிலத்தை மனதில் வைத்து அமைத்த வரி உயரத்தில் 'கூ', 'மூ' ஆகியவற்றின் அடிப்பகுதி நறுக்கப்படும். எழுத்தளவைப் போல 1.4 மடங்கு வரி உயரம் கொடுங்கள். எழுத்தளவு 14 எஸ்பிக்கு (எழுத்தளவுக்கான அலகு) கீழே இறங்கவே வேண்டாம். கடற்கரை வெயிலில் படிக்க 16, தடித்த எழுத்து, கறுப்பில் வெள்ளை. வாட்ச்சில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் வயதானவர்களுக்காக, உச்சபட்ச அளவில் ஒருமுறை எல்லாத் திரையையும் ஓட்டிப் பாருங்கள். எல்லா வாட்ச்சிலும் ஒரே தமிழ் எழுத்துரு இருக்கும் என்று நம்பாமல், நோட்டோ சான்ஸ் தமிழை ஆப்புக்குள்ளேயே வைத்துவிடுவது உத்தமம். ஆப்பின் எடை பெரிதாக ஏறாது.

மூன்றாவதுதான் வில்லங்கம்: வெட்டுதல். வாட்ச் முகப்பில் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாகத் தகவல் காட்டும் இடத்தைக் காம்ப்ளிகேஷன் என்கிறார்கள். அதில் குறுஞ்சொல் வகைக்கு கூகுள் சொல்லும் அளவு அதிகபட்சம் 7 எழுத்துக் குறிகள். நாம் எண்ணும் எழுத்தும் கணினி எண்ணும் குறியும் ஒன்றல்ல. 'புதுச்சேரி' நமக்கு ஐந்து எழுத்து: பு, து, ச், சே, ரி. கணினிக்குப் பத்து, ஏனென்றால் உகரக் கால், புள்ளி, இரட்டைக்கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி. ஆப் எழுதும் மொழியான காட்லினில் 'டேக்' கட்டளை போட்டு முதல் ஏழை எடுத்தால் வருவது 'புதுச்ச'. கொம்பு உதிர்ந்துவிட்டது. ஐந்தை எடுத்தால் 'புதுச', புள்ளியும் போய்விட்டது. தமிழ் தெரியாத டெஸ்டர் இதைப் பிழை என்று கண்டுபிடிக்கவே மாட்டார்.

வெட்ட வேண்டியிருந்தால் ஐசியூ என்ற யூனிகோட் தொகுப்பில் உள்ள பிரேக் இட்டரேட்டரை வைத்து, முழு எழுத்தின் எல்லையில் மட்டும் வெட்டுங்கள். 'கொ', 'கோ', 'கௌ' வரிசையின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்பாதி பின்பாதி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒப்பிட்டால் வேறு என்று சொல்லும். வெளியிலிருந்து வரும் பெயர்களை என்எஃப்சி என்ற யூனிகோட் சீர்வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும்.

இந்தக் கரைக்கே பொருந்தும் உதாரணம், துறைமுகப் புயல் கூண்டு எண்ணை மணிக்கட்டில் காட்டும் ஆப். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய ஊர் இது; கூண்டு எண் என்றால் சிறுபிள்ளைக்கும் தெரியும். காம்ப்ளிகேஷனில் 'கடலூர் 1' என்று எழுதினால் எட்டுக் குறி. ஏழில் நறுக்கும் வாட்ச் முகப்பில் 'கடலூர்' மட்டும் நிற்கும், எண் காணாமல் போகும். எது முக்கியமோ அதுவே போய்விட்டது. எண்ணை முதன்மை வாசகமாகவும் ஊரைத் தலைப்பாகவும் தனித்தனி இடத்தில் கொடுப்பதே சரி. முகப்பைப் பக்கவாட்டில் தள்ளினால் வரும் முழுத்திரை அட்டையான டைலில் இடம் தாராளம்: நடுவில் பெரிய எண், கீழே ஊர், அதன் கீழே அறிவிப்பு வந்த நேரம். அந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள். நேற்றைய கூண்டு எண்ணை இன்றையது என்று நினைத்துப் படகை இறக்கினால் பொறுப்பு யாருடையது?

போனிலிருந்து வாட்ச்சுக்கு

போன் ஆப் செய்தியை வாங்கி வாட்ச்சுக்குத் தள்ளுவதற்கு டேட்டா லேயர் என்ற வழி உண்டு. ஒரு தகவல் துண்டுக்கு (டேட்டா ஐட்டம்) 100 கேபி வரை. அதற்கு மேல் அசெட் என்ற இணைப்பாக அனுப்ப வேண்டும். அவசரம் என்று குறிக்காத தகவலை, பேட்டரிக்காக, சிஸ்டம் 30 நிமிடம் வரை தாமதிக்கலாம். நேற்று எத்தனை அடி நடந்தார் என்பதற்கு அது சரி. கூண்டு எண்ணுக்கு, அவசரம் என்று குறிக்கும் செட் அர்ஜெண்ட் கட்டாயம்.

தகவல் போகவே இல்லை, பிழைச் செய்தியும் இல்லை என்றால், ஆப்பை யார் உருவாக்கியது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைப் பாருங்கள். போன் ஆப்பும் வாட்ச் ஆப்பும் ஒரே பேக்கேஜ் பெயரில், ஒரே சாவியால் கையொப்பமிட்டிருந்தால்தான் டேட்டா லேயர் பேசும். ஒவ்வொரு லேப்டாப்பும் தனக்கென்று ஒரு டீபக் சாவியை உருவாக்கிக்கொள்ளும். கடலூரில் ஒருவர் போன் ஆப்பையும் புதுச்சேரியில் ஒருவர் வாட்ச் ஆப்பையும் பில்ட் செய்து ஒரே ஜோடியில் ஏற்றினால் இரண்டும் தனித்தனியாக நன்றாக ஓடும், ஒன்றோடொன்று பேசாது. ஒரே டீபக் சாவிக் கோப்பை இருவரும் பகிர்ந்துகொண்டால் தீர்ந்தது.

ஒரு முக்கியமான கேள்வியை இந்த இடத்தில் கேட்டாக வேண்டும்: எச்சரிக்கை மட்டும்தான் நோக்கம் என்றால் வாட்ச் ஆப் எதற்கு? போன் ஆப் போடும் நோட்டிஃபிகேஷன் தானாகவே வாட்ச்சுக்கு வந்துவிடும், ஒரு வரி கூட எழுத வேண்டாம். மீனவர் கையில் இருப்பது பெரும்பாலும் மலிவு வாட்ச்சாகத்தான் இருக்கும், அதிலும் நோட்டிஃபிகேஷன் வரும். ஆனால் பல மலிவு வாட்ச்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது கொம்பு இடம் மாறி நிற்கும். அதனால் நோட்டிஃபிகேஷன் தலைப்பை எண்ணில் தொடங்குங்கள். எழுத்து எல்லாம் கட்டமாகிப் போனாலும் '3' மட்டும் தெரியும். இதற்குச் செலவு பூஜ்யம். பயன், அழகான டைலைவிட அதிகம். கரையைத் தாண்டிச் சிக்னல் போனபின் இரண்டுமே வேலை செய்யாது என்பதையும் பயனருக்குச் சொல்லிவிட வேண்டும்.

நடை, துடிப்பு, வியர்வை

வாட்ச் ஆப் உண்மையில் தேவைப்படுவது உடற்பயிற்சிக்கு. மாலையில் வண்டிகளை நிறுத்தியபின் புதுச்சேரி கடற்கரைச் சாலை நடப்பவர்களுடையது. கிழக்கே திறந்த கடல் என்பதால் ஜிபிஎஸ்ஸுக்கும் தோதான இடம். வெள்ளை நகரத்தின் குறுகிய வீதிகளுக்குள் நடந்து சோதித்தால் தடம் சுவருக்குள் புகுந்து வரும். இரண்டு இடத்திலும் சோதியுங்கள்.

சோதிக்கும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். போன் பக்கத்தில் இருந்தால் இடத்தைப் போனின் ஜிபிஎஸ்ஸிலிருந்து வாட்ச் வாங்கிக்கொள்ளும். தடம் நன்றாக வந்தது, பேட்டரியும் குறையவில்லை என்று மகிழ்ந்துவிட்டு, பயனர் போன் இல்லாமல் ஓடப் போகும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

சென்சாரை நேரடியாகப் படிக்காமல் வேர் ஓஎஸ்ஸின் சென்சார் சேவையான ஹெல்த் சர்வீசஸின் எக்சர்சைஸ் கிளையண்ட் வழியாகப் போவது நல்லது. திரை அணைந்ததும் அது தகவலைச் சேர்த்து வைத்துத் தொகுப்பாகக் கொடுக்கும். புதியவர்கள் இதைப் பார்த்து ஆப் செத்துவிட்டது என்று எண்ணி, பிராசஸரைத் தூங்கவிடாமல் வேக் லாக் போட்டுவிடுகிறார்கள். பேட்டரி காலியாவது அங்கேதான். தகவல் தொலையவில்லை, தாமதமாக வருகிறது, அவ்வளவே. திரை அணைந்தாலும் ஆப் ஓட ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் வேண்டும். ஆண்ட்ராய்டு 14 முதல் அதன் வகையையும் ஆப்பின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் சொல்ல வேண்டும், இங்கே ஹெல்த்தும் லொக்கேஷனும். துடிப்புக்கான அனுமதியின் பெயரும் வேர் ஓஎஸ் 6-ல் மாறிவிட்டது: பழைய பாடி சென்சார்ஸ் அனுமதிக்குப் பதில் ஹெல்த் வகையில் ரீட் ஹார்ட் ரேட். இரண்டையும் பதிப்புக்கு ஏற்பக் கேட்க வேண்டும். புதியதை எமுலேட்டரில் சோதியுங்கள்.

துடிப்பு முதலில் வரச் சில நொடி ஆகும். அதுவரை '0' என்று காட்டாதீர்கள், பார்ப்பவர் பயந்துவிடுவார். தேடிக்கொண்டிருக்கிறது, கிடைத்தது, கையிலிருந்து கழற்றப்பட்டது என்று நிலையை ஹெல்த் சர்வீசஸே சொல்கிறது. அதைத் தமிழில் ஒரு சொல்லாகக் காட்டினால் போதும். பட்டை தொளதொளவென்று இருந்தால், வியர்வையில் வாட்ச் வழுக்கினால், எண் தாறுமாறாகத் துள்ளும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, இறுக்கமாகக் கட்டச் சொல்லும் ஒரு திரையை ஆப்பில் வைத்தால் பாதிப் புகார் குறையும்.

ஈரம் தொடுதிரைக்கும் எதிரி. வியர்வைத் துளியே விரலாகிவிடும். 'நிறுத்து' பொத்தானை ஒற்றைத் தட்டலில் வைத்தால் டூப்ளே சிலையைத் தாண்டுவதற்குள் நடை நின்றிருக்கும். அழுத்திப் பிடிப்பது அல்லது உறுதி கேட்பது வேண்டும். பொத்தான் 48 டிபிக்குக் குறையவே கூடாது. மங்கலான ஆம்பியண்ட் திரையில் நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் எண்ணைப் புதுப்பியுங்கள். நொடி முள்ளை அங்கே ஓடவிட வேண்டாம்.

பேட்டரி எங்கே போகிறது என்று ஊகிக்காமல், ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து ஏடிபி வழியாக பேட்டரிஸ்டாட்ஸ் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி ஜிபிஎஸ், அடுத்தது விழித்தே கிடக்கும் திரை. துடிப்புச் சென்சார் மீது போடும் பழி பெரும்பாலும் வீண்பழி.

பிளே ஸ்டோரில் போடும்போது

கணக்குக்கு ஒருமுறை 25 டாலர். புதிய தனிநபர் கணக்கென்றால், வெளியிடும் முன் 12 டெஸ்டர்கள் தொடர்ந்து 14 நாள் சேர்ந்திருக்க வேண்டும். வேர் ஓஎஸ் வாட்ச் வைத்திருக்கும் 12 பேரை இரண்டு ஊரிலும் சேர்த்துத் தேடினாலும் கஷ்டம்; போன் ஆப்பையும் அதே பட்டியலில் சேர்த்துவிட்டால் இந்தக் கட்டத்தைத் தாண்டலாம். மேனிஃபெஸ்டில் வாட்ச் என்ற அம்சக் குறிப்பு இல்லாவிட்டால் ஸ்டோர் அதைப் போன் ஆப் என்று எடுத்துக்கொள்ளும். போனுக்கும் வாட்ச்சுக்கும் வெர்ஷன் கோடு (பதிப்பு எண்) வெவ்வேறாக இருக்க வேண்டும். ஒன்றாக இருந்தால் ஏற்றும்போதே திருப்பி அனுப்பும். போன் இல்லாமல் ஓடும் ஆப் என்றால் ஸ்டாண்டலோன் என்பதையும் குறித்துவிடுங்கள். வாட்ச் முகப்பு மட்டும் செய்ய நினைப்பவர்கள் பழைய காட்லின் பாடங்களைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இப்போது எக்ஸ்எம்எல்லில் எழுதும் வாட்ச் ஃபேஸ் ஃபார்மட்தான் வழி.

மற்ற வாட்ச்களைச் சுருக்கமாகச் சொன்னால்: ஆப்பிள் வாட்ச்சுக்கு மேக், ஐபோன், ஸ்டோரில் போட வருடத்துக்கு 99 டாலர் எல்லாம் கேட்கும், இங்கே கற்றுக்கொள்ள அது அதிகச் செலவு. பேங்கிள் ஜேஎஸ் 2 ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் வாட்ச்; குரோமிலிருந்து ப்ளூடூத்தில் நேராக ஏற்றலாம், இணைப்புத் தலைவலியே கிடையாது, 176க்கு 176 பிக்சல் திரை வெயிலில் இன்னும் தெளிவாகத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அதுவே மேல். ஆனால் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் எந்திரம் அதில் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் படமாக வரைந்துதான் வைக்க வேண்டும்.

கேலக்ஸி வாட்ச் 4 நடை, டைல், காம்ப்ளிகேஷன் ஆப்களுக்குத் தாராளமாகப் போதும். நோட்டிஃபிகேஷன் மட்டும் போதுமென்றால் வாங்கவே வேண்டாம். வாங்குபவர்கள் கூடவே துணிப் பட்டை ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். சிலிகான் பட்டைக்கு அடியில் உப்பு வியர்வை தேங்கித் தோல் அரிக்கும், இரண்டாவது மணி நேரத்தில் டெஸ்டர் வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவார், உங்கள் பதிவில் 'கையில் இல்லை' என்று வரிசையாக நிற்கும்.